மினாராவும் குளமும்: மறைந்தவர்கள் நமக்கு விட்டுச் சென்றவை

காவிரிப் படுகை மலையற்ற நிலம். தஞ்சையைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்லத் தரை தாழ்ந்துகொண்டே போய், வயலும் வாய்க்காலுமாகவே கடலைத் தொடுகிறது. இந்த மண்ணில் பாறை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்லும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதே. இத்தகைய சமவெளியில் மனிதன் தன் நினைவை நிறுத்த விரும்பினால் அவனுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, மேல்நோக்கிக் கட்டுவது. மற்றொன்று, கீழ்நோக்கித் தோண்டுவது. மேல்நோக்கிக் கட்டியவை கோபுரங்களாகவும் மினாராக்களாகவும் நிற்கின்றன. கீழ்நோக்கித் தோண்டியவை குளங்களாகவும் கிணறுகளாகவும் நம் ஊர்களில் பரவிக் கிடக்கின்றன.

அடக்கத்தலமும் நீர்நிலையும் அருகருகே அமைவது நம் நாட்டிற்கு மட்டுமே உரிய வழக்கம் அன்று. வெவ்வேறு சமயங்களையும் காலங்களையும் சேர்ந்த மக்கள் இறந்தோரின் பெயரை இவ்விரண்டிலுமே பொறித்திருக்கிறார்கள். இவற்றுள் எது நிலைத்தது, எது அழிந்தது, ஏன் அழிந்தது என்பதை வரலாற்றிலிருந்து அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும். ஏனெனில் இக்கேள்வி நம் மஹல்லாக்களின் வாசலிலும் இன்று நின்றுகொண்டிருக்கிறது.

ஹியராபோலிஸ்: கல்லறைகளின் சாலை

இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், பாமுக்கலே என்னும் வெண்ணிறச் சுண்ணாம்புப் படிக்கட்டுகளின் மேல் ஹியராபோலிஸ் என்னும் பழம்பெரும் நகரம் சிதைந்து கிடக்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பெர்கமம் அரசர்கள் நிறுவிய கிரேக்க நகரம் அது. பின்னர் உரோமர் ஆட்சியில் செழித்தது. அங்கே நிலத்தடியிலிருந்து வெந்நீர் ஊற்றெடுக்கிறது. அந்நீரைத் தேடி நோயாளிகள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் அங்கேயே இறந்தும் போனார்கள். ஊருக்குள் பிணம் புதைப்பதை உரோமர் வழக்கம் தடுத்ததால், நகர வாயிலுக்கு வெளியே சாலையின் இருமருங்கிலும் கல்லறைகள் எழுந்தன. வடக்குப் பக்கத்துக் கல்லறை வெளியில் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டவை எண்ணப்பட்டுள்ளன. நகருக்குள் நுழைய வரும் எவரும் முதலில் இறந்தோரின் பெயர்களைக் கடந்தே வர வேண்டியிருந்தது.

அக்கல்லறைகளில் மூன்றை நாம் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். முதலாவது, பிளாவியஸ் ஸெயுக்ஸிஸ் என்னும் வணிகருடையது. கிரேக்க நாட்டின் தெற்கே உள்ள மாலியா முனையைச் சுற்றி இத்தாலிக்கு 72 முறை கடற்பயணம் செய்ததாக அவர் கல்லறையில் எழுதி வைத்தார். புயலுக்குப் பேர்போன முனை அது. கடலோடிகளின் வழிவந்த நாகூர், நாகப்பட்டினம், அதிராம்பட்டினக் குடும்பங்களுக்கு அந்தப் பெருமிதம் நன்கு விளங்கும்.

இரண்டாவது, அம்மியானோஸ் என்னும் ஆலைக்காரருடையது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய கல்பேழையின் மேல், நீரின் விசையால் சுழலும் சக்கரம் ஒன்று கல்லறுக்கும் இரம்பங்களை இயக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. சுழலும் விசையை முன்பின் அசைவாக மாற்றும் பொறிக்கு உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சித்திரங்களுள் அது ஒன்று. தன் கல்லறையில் தன் முகத்தைக் காட்டிலும் தன் நீர்ப்பொறியே இருக்கட்டும் என்று எண்ணிய மனிதர் அவர்.

மூன்றாவது, கிளைக்கோன் என்பவருடையது. யூதக் குடும்பம் ஒன்றின் கல்லறையாக ஆய்வாளர்கள் அதைக் கருதுகிறார்கள். அவர் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. ஊதா நிறச் சாயமிடுவோர் சங்கத்திற்கும் கம்பளம் நெய்வோர் சங்கத்திற்கும் ஒரு தொகையை முதலாக ஒப்படைத்து, அதன் வட்டியிலிருந்து குறித்த பண்டிகை நாட்களில் தம் கல்லறைக்கு மலர்முடி சூட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கல் தானே நிற்கும். நினைவு தானே நிற்காது, அதற்கு ஆள் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே நகருக்குள் பெரும் நீரூற்று மண்டபங்களும் இருந்தன. குழாய்கள் வழியாகக் கொண்டுவரப்பட்ட நீர், தூண்களும் சிலைகளும் நிறைந்த உயர்ந்த சுவரின் முன்னே தொட்டியில் விழும். ஈஸா (அலை) அவர்களின் சீடர்களுள் ஒருவரான பிலிப்பு அந்நகரில் அடக்கமானதாகக் கிறிஸ்தவர்கள் நம்பினர். அவர் நினைவாகக் குன்றின் மேல் 5-ஆம் நூற்றாண்டில் எண்கோணத் தலம் எழுந்தது. அங்கே ஏறிச் செல்லும் யாத்திரிகர் தங்களைத் தூய்மை செய்துகொள்ள வழியிலேயே நீரூற்றும் அமைக்கப்பட்டது.

நிலநடுக்கங்கள் பலவற்றைத் தாங்கிய அந்நகரம் 14-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. இன்று கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பூமியிலிருந்து வெந்நீர் இன்னும் பொங்கி வழிகிறது. ஆனால் அந்த நீரூற்று மண்டபங்கள் வறண்டு கிடக்கின்றன. ஊற்று வற்றவில்லை, குழாயைப் பேணியவர்கள்தாம் இல்லாமற் போனார்கள். கல்லறை கைவிடப்பட்டாலும் நிற்கும். நீர்வழியோ கைவிடப்பட்ட நாளிலிருந்தே சாகத் தொடங்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நம் மண்ணுக்குத் திரும்புவோம்.

சோழர் கண்ட இரு வழிகள்

கிரேக்க, உரோம உலகம் நம் கரையை அறியாததன்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி தம் நிலநூலில் கபேரிஸ் என்னும் துறைமுகத்தையும் நிகமா என்னும் ஊரையும் குறிப்பிடுகிறார். அவற்றை முறையே காவிரிப்பூம்பட்டினம் என்றும் நாகப்பட்டினம் என்றும் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். பூம்புகாரை அடுத்த வானகிரியில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய பழைய நீர்த்தேக்கம் ஒன்று வெளிப்பட்டது. கல் இல்லாத நாட்டில் செங்கல்லும் நீருமே நகரத்தின் அடையாளமாயின.

இறந்தோர்க்குக் கட்டடம் எழுப்பும் வழக்கமும் இங்கே பழையது. சோழர் அதனைப் பள்ளிப்படை என்றனர். இராசேந்திர சோழன் தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்காக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், கும்பகோணத்தை அடுத்த பட்டீசுவரத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அதே மன்னன் கங்கை வரை சென்ற தன் படையின் வெற்றியைக் குறிக்கக் கொள்ளிடத்திற்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு பேரேரியை வெட்டினான். சோழகங்கம் என்று பெயர் பெற்ற அந்த ஏரியை, நீரால் ஆன வெற்றித்தூண் என்னும் கருத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. வெற்றித்தூணைக் கல்லில் நாட்டுவது உலக வழக்கம். அதனை நீரில் நாட்டலாம் என்று எண்ணிய மனம் வியப்பிற்குரியது. அந்தத் தூணைக் கண்டு யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. குனிந்து அள்ளிக் குடித்தால் போதும்.

நாகூர்: உயர்ந்து நிற்பதும் தாழ்ந்து கிடப்பதும்

வெட்டாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய நாகூரில், 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்கள் அடக்கமாகியுள்ளார்கள். வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, நெடும் பயணங்களுக்குப் பின் இவ்வூரில் தங்கியவர்கள் அவர்கள். அன்று தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர் அவர்களுக்கு இடம் அளித்ததாக வழிவழிச் செய்தி உண்டு. பொற்கலசக் குவிமாடத்தின் கீழ் அவர்களும், அருகே அவர்களுடைய மகனார் யூசுப் அவர்களும் மருமகளாரும் அடங்கியுள்ளனர்.

தர்காவைச் சூழ்ந்து ஐந்து மினாராக்கள் எழுகின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது 131 அடி உயரமுள்ள பெரிய மினாரா. அதைக் கட்டிக் கொடுத்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். அவரும் அவர் மகன் துளஜாவும் தர்காவுக்கு நிலமானியங்களும் வழங்கினர். முஸ்லிம் அல்லாத ஓர் அரசர் முஸ்லிம் பெரியார் ஒருவரின் அடக்கத்தலத்திற்குத் தம் நாட்டின் மிக உயர்ந்த கட்டடங்களுள் ஒன்றை அளித்தார் என்பது நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. கடலிலிருந்து கரையை நாடும் மரக்கலத்தார்க்கு அந்த உயரமே ஊரின் அடையாளமாயிற்று. கந்தூரி தொடங்கும் நாளில் ஐந்து மினாராக்களிலும் கொடி ஏறுகிறது.

கடல் கடந்து சென்ற நம் முன்னோர் அந்த நினைவையும் உடன் கொண்டு சென்றனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே நினைவிடங்கள் எழுந்தன. 1828-க்கும் 1830-க்கும் இடையே சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் கட்டப்பட்டது 1974-இல் அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே உடல் எதுவும் அடக்கம் செய்யப்படவில்லை. கடல் கடந்து வந்த மக்கள், கரை சேர்ந்ததற்கு நன்றியாகவும் ஊரின் ஏக்கமாகவும் எழுப்பிய கட்டடம் அது.

மினாராவைப் பற்றிப் பேசுவோர் அதன் அடிவாரத்தில் உள்ள குளத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஷிபா குண்டம் என்று வழங்கும் அந்தத் திருக்குளத்தில் சாதி, சமய வேறுபாடின்றி யாத்திரிகர் இறங்குகிறார்கள். ஒரு மார்க்கப் பெரியாரின் தலத்தில் எல்லா மக்களும் ஒரே படிக்கட்டில் இறங்கி ஒரே நீரைத் தொட்டார்கள் என்பது, தொட்டால் தீட்டு என்று குளங்கள் பிரிக்கப்பட்டிருந்த ஒரு காலத்து நாட்டில் சிறிய செய்தி அன்று. மினாரா மன்னரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குளமோ யார் பெயரையும் கேட்காமல் எல்லாரையும் ஏற்றுக்கொண்டது.

தஞ்சை நகரின் நீர்வழி

தஞ்சை நகரம் காவிரியின் கரையில் இல்லை. படுகையின் ஓரத்து மேட்டில் அமைந்தது அது. கோட்டைக்குள் வாழ்ந்த மக்களுக்குக் குடிநீர் பெரும் கவலையாக இருந்தது. முதல் நாயக்க மன்னர் சேவப்பர், கோட்டைக்கு வெளியே மேட்டு நிலத்தில் விழும் மழைநீரைத் தேக்க ஓர் ஏரியை அமைத்தார். மக்கள் அதனைச் சேப்பன நாயக்கன் வாரி என்கிறார்கள். அந்த ஏரியில் வண்டல் படிந்து தெளிந்த நீர், ஜலசூத்திரம் எனப்பட்ட நிலத்தடி நீர்வழியாகப் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்தை அடைந்தது. அங்கிருந்து நகரின் கிணறுகளுக்கும் சிறு குளங்களுக்கும் பிரிந்து சென்றது. விசைப்பொறி எதுவும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் தானே ஓடும் என்ற எளிய உண்மையும், அந்த வாட்டத்தை அளந்து அமைத்த கைத்திறனுமே அதன் உயிர். பிற்காலத்தில் நகரம் பெருகி, வரத்து வாய்க்கால்களின் மேல் வீடுகள் எழ, அந்த நீர்வழி தூர்ந்தது. ஹியராபோலிஸில் நடந்ததே இங்கும் நடந்தது.

அந்நகரின் மராத்திய அரச குடும்பத்தாரின் நினைவிடங்கள் இருக்கும் இடத்திற்கு ராஜா கோரி என்று பெயர். அடக்கத்தலத்தைக் குறிக்கும் கோரி என்ற சொல் முஸ்லிம்களின் வழக்கிலிருந்து தமிழுக்கு வந்தது. அதன் வேர் பாரசீகம். இந்து மன்னர்களின் நினைவிடத்திற்கு நம் சொல் பெயராயிற்று. அவ்வாறே மல்லிப்பட்டினத்தின் அருகே, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கோபுரத்தை மக்கள் மனோரா என்கிறார்கள். அது மினாரா என்ற சொல்லின் திரிபே. கட்டடங்கள் எல்லை வகுத்தாலும் சொற்கள் எல்லை தாண்டி உறவாடுகின்றன.

அதே சரபோஜி தம் மனத்திற்கு இனியவரான முத்தம்பாள் மறைந்தபோது, அவர் நினைவாக 1802-இல் ஒரத்தநாட்டில் ஒரு சத்திரத்தை நிறுவினார். வழிப்போக்கருக்கு உணவும் தங்குமிடமும் அங்கே கிடைத்தன. பின்னர் அக்கட்டடத்தில் பிள்ளைகள் படித்தார்கள். துயரத்தைத் தருமமாக மாற்றிய அச்செயலை நாம் மதிக்க வேண்டும். நன்மை எந்தக் கையிலிருந்து வந்தாலும் நன்மையே.

மார்க்கம் காட்டும் திசை

கபுரின் மீது கட்டடம் எழுப்புவது பற்றி நம்மிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. கபுருகளைக் காரை பூசுவதையும் அவற்றின் மேல் கட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரழி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதனை முன்வைத்துத் தர்காக்களை மறுப்போர் ஒரு புறம். இறைநேசர்களைக் கண்ணியப்படுத்துவது வேறு, வணங்குவது வேறு என்று விளக்கம் கூறி ஜியாரத்தைப் பேணுவோர் மறுபுறம். இக்கட்டுரையில் அந்த வழக்கை நடத்துவது நம் நோக்கம் அன்று. ஆனால் இரு தரப்பாரும் ஒரு முகமாக ஒப்புக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. அது தண்ணீர்.

தம் தாயார் மறைந்தபின் அவருக்காகச் செய்யத்தக்க சிறந்த தருமம் எது என்று ஸஅத் இப்னு உபாதா (ரழி) கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரைக் காட்டினார்கள். ஸஅத் (ரழி) கிணறு வெட்டி அதனைத் தம் தாயாரின் பெயரில் விட்டார்கள். மதீனாவில் குடிநீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) விலைக்கு வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா, ஹாஜிகளின் தாகத்தைக் கண்டு மக்காவிற்கு நீர்வழி அமைத்தார். ஐன் ஸுபைதா என்று இன்றும் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அக்காலத்து அரண்மனைகளின் அழகைக் கண்டவர் இன்று எவரும் இல்லை. அந்த நீர்வழியின் பெயரோ அழியவில்லை.

கல்லறையையும் நீரையும் ஒன்றாகவே இணைத்த முன்னோரும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் காயித்பாய் கெய்ரோவின் கபுருஸ்தான் பகுதியில் தமக்கு எழுப்பிய அடக்கத்தலத்தோடு பள்ளிவாசலையும், வழிப்போக்கருக்குத் தண்ணீர் வழங்கும் ஸபீலையும், அதன் மேல் மாடியில் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் மக்தபையும் சேர்த்தே கட்டினார். கீழே நீர், மேலே கல்வி, அருகே மறைந்தவர். ஸதகத்துல் ஜாரியாவின் பொருளை ஒரு கட்டடமே விளக்கி நின்றது.

நம் ஊர்களில்

தஞ்சைத் தரணியின் முஸ்லிம் ஊர்களைச் சுற்றி வந்தால் பழைய அமைப்பு ஒன்று கண்ணில் படும். பள்ளிவாசல், அதன் முற்றத்தில் ஒளுச் செய்யும் ஹவுள், ஒரு பக்கம் மையவாடி, மறுபக்கம் குளம். குளத்திற்கு ஆற்று வாய்க்காலிலிருந்து வரத்து உண்டு. நிரம்பினால் வடிகாலும் உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் பருவத்தில் குளம் நிரம்பும். நிரம்பிய குளம் சுற்றியுள்ள கிணறுகளை ஊறச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் விழுந்த நீர் குளத்தில் இறங்கும். கிணற்று நீர் உப்புக் கரிக்கும் கடலோர ஊர்களில் இத்தகைய நன்னீர்க் குளம் உயிர்நாடி. இவை பெரும்பாலும் யாரோ ஒரு தந்தையின் அல்லது தாயின் நன்மைக்காக விடப்பட்ட வக்ஃபுகள்.

இன்று ஆழ்துளைக் கிணறும் குழாயும் வந்துவிட்டன. ஹவுளின் இடத்தில் குழாய் வரிசை நிற்கிறது. குளத்திற்குத் தேவை இல்லை என்று நாம் எண்ணத் தொடங்கினோம். முதலில் வரத்து வாய்க்கால் அடைபட்டது. பிறகு குப்பை கொட்டப்பட்டது. பின்னர், வாடகை வருமே என்ற நல்லெண்ணத்தோடே சில இடங்களில் கடைகள் எழுந்தன. மழை வந்தால் தெருவில் நீர் நிற்கிறது. கோடை வந்தால் ஆழ்துளைக் குழாய் இன்னும் ஆழமாக இறங்குகிறது. இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள்.

அதே வேளையில் மையவாடியில் நாம் செலவழிக்கத் தயங்குவதில்லை. மீஸான் கல்லில் பளிங்கு வேண்டும், பெயர் பொன்னெழுத்தில் வேண்டும் என்று கேட்கிறோம். பெற்றோரின் மேல் உள்ள பாசமே அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். பளிங்கினால் கபுரில் இருப்பவருக்கு நன்மை எதுவும் சேர்வதில்லை. அவர் பெயரால் தூர் வாரப்பட்ட குளத்தில் ஒரு பறவை நீர் அருந்தினாலும் அதன் நற்கூலியை அவருக்கு அல்லாஹ்விடம் நாம் ஆதரவு வைக்கலாம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் மூன்று செயல்களைச் செய்ய முடியும். பள்ளிவாசலுக்கு உரிய குளம், கிணறு, வாய்க்கால் இவை எவை, அவற்றின் எல்லை எது என்று பழைய ஆவணங்களைக் கொண்டும் ஊர்ப் பெரியவர்களின் நினைவைக் கொண்டும் எழுதி வைப்பது முதலாவது. கிளைக்கோன் தம் மலர்முடிக்குச் செய்ததுபோல், வக்ஃப் வருமானத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தூர் வாருவதற்கென்றே ஒதுக்குவது இரண்டாவது. மறைந்த பெற்றோருக்காக எதையாவது செய்ய விரும்பும் வெளிநாட்டு வாழ் பிள்ளைகளுக்கு, மீஸான் கல்லுக்கு முன்பாக ஒரு படித்துறையையும் ஒரு மதகையும் காட்டுவது மூன்றாவது.

கல்லறை ஒரு முறை கட்டினால் போதும். குளத்தையோ தலைமுறைதோறும் மீண்டும் தோண்ட வேண்டும். இதனைக் குளத்தின் குறை என்று கருத வேண்டாம். ஒவ்வொரு தலைமுறையும் அந்த நன்மையில் தன் பங்கைப் பெறுவதற்கு அல்லாஹ் திறந்து வைத்த வாசல் அது. நம் முன்னோர் வெட்டிய குளம் நம் காலத்தில் மூடியது என்ற சொல் நம் பிள்ளைகளின் வாயில் வராமல் இருக்கட்டும். நமக்கு முன் சென்றோரின் கபுருகளை வல்ல நாயன் ஒளிமயமாக்கி, அவர்கள் விட்டுச் சென்ற நீரைப் பேணும் பொறுப்பை நமக்கு எளிதாக்குவானாக. ஆமீன்.